குண்டு காட்டினவனுக்குத் தலை

இப்பிடி நவுந்து நெழலுக்கு வாங்கண்ணா. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் ஏறிடும். இந்த பெஞ்சியோட எனக்கு ஒன்றரை வருசப் பழக்கம். நீங்க என்ன, நெலத் தகராறா? பாகப்பிரிவினையா? சரியாப் போச்சு, உங்க பேரன் வந்துதான் தீர்ப்பு வாங்குவான். கோச்சுக்காதீங்க, என் வாய் அப்பிடி. என்னுது கொலக்கேசு, ஜாமீன்ல இருக்கேன். அட, ஏன் பையத் தூக்கி மடியில வெக்கிறீங்க? நான் திருடன் இல்லண்ணா. பேரு வேடியப்பன், மலைக்காரன். கீழ டவுன்ல மோட்டாருக்குக் காயில் கட்டுற கட வெச்சிருந்தேன். செத்தது என் மச்சினன் தீர்த்தகிரி, என் பொண்டாட்டி மாதம்மாவோட கூடப்பொறந்த தம்பி. குண்டு என்னுதுதான். இல்லன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அந்தக் குண்டு என்னுது, என்னுதுன்னு கத்திக் கத்தித்தான் தொண்ட கட்டிப்போச்சு.

இன்னிக்கு மாதம்மா கூண்டுல ஏறுறா. தோ பாருங்க, அந்தத் தூணோரம் பச்சப் பொடவ. இந்தப் பக்கம் திரும்ப மாட்டா. அவ இன்னிக்கு வாயத் தொறந்து சொல்றதுலதான் நான் வீட்டுக்குப் போறதும் ஆயுசுக்கும் உள்ள போறதும் இருக்குதுன்னு வக்கீல் சொல்றாரு. சொல்லட்டும், சொல்லாமப் போவட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. குண்டு மொதல்ல பன்னியத் தொளச்சிக்கினு போச்சு, அப்புறந்தான் அவன் மேல பட்டுச்சு. அந்தப் பன்னித் தலை எனக்குச் சேர வேண்டியது. இத எவனும் எழுத மாட்டேங்கறான்.

சிரிக்காதீங்கண்ணா. வெவரம் தெரியாம சிரிக்கிறீங்க.

எங்க மலையில மரவள்ளிதான் பொழப்பு. பன்னி எறங்கிச்சுன்னா ஒரே நாள்ல அர ஏக்கரா கெழங்கு காலி. சுடக் கூடாதுன்னு சட்டம் இருக்குது, தெரியும், அதுக்குத் தனியா ஒரு கேசு ஓடுது. ஆனா கார்த்திகை பொறந்தா விடியக்காலம் எட்டுப் பேர் நாங்க வேட்டைக்கு நிப்போம். எல்லாம் நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியா வெடி மருந்தப் போட்டுக் கெட்டிக்கிறது. பன்னி விழுந்ததும், எனக்குப் பேர் குடுத்த வேடியப்பன் சாமி கல்லு முன்னால தழையப் பரப்பிப் போட்டு, ஊர்க் கவுண்டர் முழங்கை வரைக்கும் கைய உள்ள விட்டுத் தொளாவுவாரு. குண்டு வெளிய வரும். கழுவிக் கல்லு மேல வெப்பாரு. யாரு குண்டோ அவனுக்குத் தலை. மத்த கறி எல்லாருக்கும் சமபங்கு. தலை வாங்குனவன் அடுத்த வேட்டையில மொத நெலையில, பன்னி மொதல்ல வர்ற எடத்துல நிப்பான், ஊர்ல அவன் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும். 'குண்டு காட்டுனவனுக்குத் தலை.' இதான் எங்க வாக்கு. எனக்குப் பதினோரு தலை அண்ணா. பொய் இல்ல, எவனை வேணா கேளுங்க.

அதெல்லாம் ஈயத்துல அடிச்சது. ஈயத்த நானேதான் உருக்குவேன், வீட்டு அடுப்புல, ஒரு பழைய கொழம்புக் கரண்டியில. எம் பொண்ணு கனிஷ்கா பக்கத்துலயே குந்திக்கினு ஊதி விடுவா. ஈயம் உருகறப்ப வெள்ளி மாதிரி தளதளங்கும் பாருங்க, அதப் பாக்கறதுன்னா அவளுக்கு உசுரு. மூக்க உள்ள விட்டுப் பாப்பா. தீர்த்தகிரிக்கும் நான்தான் ஊத்திக் குடுப்பேன். மாமா மாமான்னு வாசல்லயே கெடப்பான்.

ஏழு வயசுல கனிஷ்காவுக்கு வயித்து வலி வந்துச்சு. சுருண்டு சுருண்டு படுப்பா. மொகம் வெளுத்துப்போச்சு. நேத்து படிச்ச எழுத்து இன்னிக்கு மறந்துடும். மந்திரிச்சோம், வேர் கட்டுனோம், ஒண்ணும் கேக்கல. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒரு டாக்டரம்மா சொல்லுச்சு, "கொழந்த ரத்தத்துல ஈயம் இருக்குது. வீட்டுல பேட்டரி வேல, ஈயம் காய்ச்சுற வேல ஏதாச்சும் உண்டா?"ன்னு. பளிச்சுனு இல்லேன்னுட்டேன். துப்பாக்கி விசயம் வெளிய வந்துடுமே? ஆனா எனக்கு அங்கயே பொறி தட்டிடுச்சு. கறி! பன்னிக் கறி திங்கறப்ப பல்லுல நறநறன்னு படும் பாருங்க, அது என்னான்னு நெனச்சீங்க? குண்டு ஒடஞ்ச பொடி. அந்த எழவத்தான் எம் புள்ளைக்கு ஊட்டி ஊட்டி வளத்திருக்கோம். அன்னிக்கே ஈயக் கரண்டியத் தூக்கி ஓடையில வீசிட்டேன். இனிமே என் துப்பாக்கியில ஈயம் ஏறாதுன்னு சாமி கல்லத் தொட்டு சத்தியம் பண்ணேன்.

செம்பு நம்ம கையில இருக்கற சரக்கு. கடையில கெடந்த எர்த் கம்பியில குண்டு வெட்டுனேன். ஈயத்தோட கனம் செம்புக்கு வராது, அதனால கொஞ்சம் நீட்டமா வெச்சேன். சும்மா செஞ்சிட்டேன்னு நெனக்காதீங்க, ரெண்டையும் சோதிச்சுப் பாத்தேன். பத்து வாழத்தண்ட வரிசையா நட்டு மொதல்ல ஈயத்த விட்டேன். மூணாவது தண்டுல நின்னுடுச்சு. கிழிச்சுப் பாத்தா சப்பட்டையா ஒரு துண்டு, சுத்தி தூள் தூளா மிச்சம். மளிகக்கடத் தராசுல வெச்சேன், பாதி எடை காணோம். பாதி எங்க போச்சு? தண்டுலயே கலந்துபோச்சு. அப்புறம் செம்ப விட்டேன். பத்தையும் தொளச்சிக்கினு பின்னால இருந்த மண் கரையில ஒரு மொழம் உள்ள போயிருந்துச்சு. தோண்டி எடுத்து எடை போட்டேன். குன்றிமணி கூட கொறையல. மூஞ்சி மட்டும் லேசா நசுங்கியிருந்துச்சு, அவ்ளோதான். நீங்களே சொல்லுங்க, புள்ளகுட்டி திங்கற கறிக்கு எது நல்லது?

ஊர்ல எல்லாரும் சிரிச்சானுங்க. தீர்த்தகிரி இருக்கானே, அவன் வாய் என் வாய விட மோசம். "ஏன் மாமா, பன்னிய சுடறியா, பன்னிக்குள்ள ஒயரிங் பண்றியா?"ன்னான். நானும் சிரிச்சேன். அன்னிக்கு சிரிக்க முடிஞ்சுது.

செம்பு போட்டு மொத வேட்ட. பன்னி என் முன்னால முப்பது தப்படியில குறுக்க வந்துச்சு. விட்டேன். இந்தத் தோள்ல பூந்து அந்தத் தோள்ல வெளிய போயிடுச்சு, கண்ணால பாத்தேன். ரெண்டு பக்கமும் ரத்தம் பீச்சுது. ஆனா பன்னி அண்ணா, செத்தது தெரியாம ஓடும். அம்பது தப்படி ஓடி தீர்த்தகிரி நெலைக்கு முன்னால முட்டி போட்டுச்சு. விழுந்துக்கினு இருக்கற பன்னி மேல அவன் ஒண்ணு விட்டான், தொடையில. கவுண்டர் கைய விட்டுத் தொளாவுனாரு. தொடையில இருந்து ஈயம் வந்துச்சு. என் குண்டு எங்க? அது அந்நேரத்துக்கு அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

"கவுண்டரே, ரெண்டு தோள்லயும் ஓட்ட இருக்குது பாருங்க, அது என்னுது"ன்னேன். அவரு கையத் தொடச்சிக்கினே, "ஓட்டைக்குப் பேரு எழுதியிருக்குதா வேடியப்பா? குண்டக் காட்டு, தலைய எடு"ன்னாரு. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சானுங்க. தலை தீர்த்தகிரிக்குப் போச்சு.

ரெண்டாவது வேட்டையும் அதே கத. நான் தொளச்சேன், மறுபடியும் தீர்த்தகிரி ஈயந்தான் நின்னுச்சு, தலையும் அவனுக்கே போச்சு. எனக்கு 'காத்துக் குண்டு'ன்னு பேரு வெச்சானுங்க. கடைக்கு மோட்டார் தூக்கிக்கினு வர்றவன் கூட, "காத்துக் குண்டு அண்ணா இருக்காராம்மா?"ன்னு கேக்கறான். பதினோரு தலை வாங்குனவன் நான்! எனக்கு எப்பிடி இருக்கும்? தூக்கம் போச்சு, சோறு போச்சு. மாதம்மா சொன்னா, "போனாப் போவுது, தலை இல்லன்னா என்ன, புள்ள தேறிக்கினு வர்றா இல்ல?" தேறிக்கினுதான் வந்தா, நெசம். மொகத்துல ரத்தம் வந்துச்சு, எழுத்து நின்னுச்சு. எல்லாம் யாரால? என் செம்பால. அதுக்கு ஒரு மரியாத வேண்டாமா?

அந்த ரெண்டாவது வேட்ட அன்னிக்கு சாயங்காலம் தீர்த்தகிரி ஒரு சட்டியில தலக்கறிய ஆக்கி எடுத்தாந்தான். "மருமவளே, மாமன் மூளக்கறி கொண்டாந்திருக்கேன், தின்னா படிப்பு ஏறும்"னு புள்ளைய மடியில வெச்சிக்கினு ஊட்டப் போறான். ஈயத்துல அடிச்ச பன்னி! நான் ஓடிப்போய் சட்டிய எட்டி ஒதச்சேன். கொதிக்கற கொழம்பு சொவரு பூரா தெறிச்சுது. மாதம்மா, "திங்கற சோத்த ஒதைக்கறியே, நீ மனுசனா?"ன்னு குறுக்க வந்தா. விட்டேன் ஒண்ணு. ஒதடு கிழிஞ்சு ரத்தம் தாடையில ஒழுகுது. தீர்த்தகிரி என் கையப் புடிச்சான். "மாமா, என்ன என்ன வேணாப் பண்ணு, அக்கா மேல கை வெக்காத"ன்னான். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. அடுப்போரம் கெடந்த இரும்பு ஊதுகொழல எடுத்து மண்டையில போட்டேன். பொல பொலன்னு கொட்டுது. நாலு தையல். புள்ள மூலையில நின்னுக்கினு காதப் பொத்திக்கினா. திருப்பி அடிச்சானா? அடிக்கல. அதாண்ணா எனக்கு இன்னும் வெறிய ஏத்துச்சு. அடிச்சிருந்தா அங்கயே தீந்திருக்கும்.

மறுநாள் தண்ணித் தொட்டிகிட்ட ஊரே நிக்குது. எவனோ, "காத்துக் குண்டு, நேத்து எந்த ஊரு வரைக்கும் போச்சு?"ன்னான். தலையில கட்டுப் போட்டுக்கினு தீர்த்தகிரியும் அங்க நின்னுக்கினு இருந்தான். எனக்கு எரிஞ்சுது. அவனப் பாத்துதான் சொன்னேன், "என் குண்டு நிக்கற எடம் ஒண்ண அடுத்த வேட்டையில காட்டறன்டா, அப்பத் தெரியும்"னு. நான் சொன்னது மரத்த. சத்தியமா மரத்த நெனச்சுத்தான் சொன்னேன். போலீசு அத எழுதிக்கினு போயி மொதப் பக்கத்துலயே வெச்சிருக்கான்.

மரம் என்னான்னா, நான் ஒரு கணக்குப் போட்டேன். பன்னி வர்ற தடத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய வேங்க மரம் நிக்குது, ரெண்டு ஆளு கட்டிப் புடிக்கற அகலம். மரம் பன்னிக்குப் பின்னால வர்ற மாதிரி நான் உக்காந்துட்டா, குண்டு பன்னியத் தொளச்சிப் போயி மரத்துல நிக்கும். கத்தியால தோண்டி எடுத்து, பன்னி ரத்தமும் மசுருமா கவுண்டர் கையில வெச்சிடலாம். வாக்கு என்ன? குண்டக் காட்டு. காட்டிட்டேன்ல?

மூணாவது வேட்ட மார்கழி அஞ்சு. பனி. மொத நெல தீர்த்தகிரிக்கு, ஓடைக்கு அந்தாண்ட, என் எடத்துல இருந்து ரொம்ப தூரம். சீட்டி அடிக்கற வரைக்கும் எவனும் நெலைய விட்டு நகரக் கூடாது. சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச சட்டம் இது. வெளிச்சம் வந்து பத்து நிமிசம் இருக்கும், பன்னி வந்துச்சு. நல்ல கொம்பன், ரெண்டு கோரப்பல்லும் வெளிய நீட்டிக்கினு. மரத்துக்கு நேரா வர்ற வரைக்கும் மூச்சப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். விட்டேன்.

அப்பிடியே விழுந்துச்சுண்ணா! ஒரு அடி ஓடல. ரெண்டு தோளும் பொத்துக்கினு மண்ணுல மூஞ்சியத் தேச்சிக்கினு காலால ஒதைக்குது, கத்துது, வாயில நொர நொரயா ரத்தம். நான் அதப் பாக்கக்கூட நிக்கல. கத்திய எடுத்துக்கினு நேரா மரத்துகிட்ட ஓடினேன். பட்டையில ஓரமா ஒரு காயம், புதுசா, செவப்பா பிசின் வடியுது. ஆனா ஓரத்த சீவிக்கினு போயிருக்குது, உள்ள நிக்கல. ஒரு விரக்கடை இந்தப்பக்கம் போயிருந்தா நின்னிருக்கும். ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு. பட்டைய வெட்டறேன், தோண்டறேன், விரல விட்டுப் பாக்கறேன், மரத்த ஒதைக்கறேன். எவ்ளோ நேரம்னு தெரியல. கெட்ட கெட்ட வார்த்தையில சாமியத் திட்டறேன்.

அப்பத்தான் மரத்துக்குப் பின்னால மூச்சு சத்தம் கேட்டுச்சு. இன்னொரு பன்னின்னு நெனச்சேன்.

தீர்த்தகிரி உக்காந்திருந்தான். கால நீட்டி மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். வயித்த ரெண்டு கையாலயும் பொத்திக்கினு இருக்கான், விரல் சந்துல எல்லாம் ரத்தம். வேட்டி, தழ, மண்ணு, எல்லாம் செவப்பு. நான் மரத்த வெட்டிக்கினு இருந்த அத்தன நேரமும் இந்தப்பக்கம் உக்காந்துதான் இருந்திருக்கான். மயக்கமோ என்னமோ, கூப்பிடல. "ஏன்டா இங்க வந்த? ஏன்டா நெலைய விட்டு வந்த?"ன்னு சட்டையப் புடிச்சு உலுக்குனேன். கண்ணத் தொறந்தான். "மாமா, நான் பாத்தேன் மாமா. ரெண்டு தோளையும் தொளச்சிடுச்சு. கவுண்டர்கிட்ட நான் சொல்றேன்"னான். வாயில ரத்தம் வந்துச்சு.

கம்பளியில தூளி கட்டித் தூக்கிக்கினு எறங்கினோம். ஆறு மைலு. பாதி வழி வரைக்கும் "தண்ணி, தண்ணி"ன்னான். அப்புறம் கேக்கல. ரோட்டுக்கு வந்து தூளியப் பிரிச்சப்ப கம்பளி ஊறி, புழிஞ்சா சொட்டற மாதிரி இருந்துச்சு. அவன் வெறச்சிட்டான். மாதம்மா ஓடியாந்து தம்பிய மடியில போட்டுக்கினு, ஒரு சத்தம் போட்டா பாருங்க. அந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்குது.

என் நேரத்தப் பாருங்கண்ணா. என் குண்டு பன்னியத் தொளச்சத கண்ணால பாத்த ஒரே சாட்சி அவன். அவனும் போய்ச் சேந்துட்டான். பன்னிய? பாரஸ்ட்காரன் வந்து எண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டான். தலையோட கொளுத்திட்டான்! ரெண்டு தோள் ஓட்டையும் சாம்பலாப் போச்சு. ஆஸ்பத்திரியில அவன அறுத்து, முதுகெலும்போரம் நின்ன குண்ட எடுத்தாங்களாம். முழுசா இருந்துச்சாம், ஒரு பொடி உதிரலயாம். ஒதிருமா? செம்பாச்சே. இன்ஸ்பெக்டரு ஒரு கவருல போட்டுக் காட்டுனாரு. "இது உன்னுதா?"ன்னாரு. "என்னுதுதான், பன்னி மசுரு ஒட்டியிருக்குதா பாருங்க சார்"னேன். பளார்னு ஒண்ணு விட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு விசயம் வெளிய வந்துச்சு. தீர்த்தகிரி துப்பாக்கியில அன்னிக்கு மருந்தே கெட்டிக்கல. வெறும் துப்பாக்கியத் தூக்கிக்கினு வந்திருக்கான். கருமாதி அன்னிக்கு மாதம்மா என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னா, அவ பேசுன கடைசிப் பேச்சு அதான். முந்தின நாளு தம்பி அவகிட்ட வந்து, "அக்கா, நாளைக்கு நான் சுடல. மாமா குண்டு எங்க போவுதுன்னு பக்கத்துல போயி ஒளிஞ்சிருந்து பாக்கறேன். பாத்து ஊர் நடுவுல சொல்லிட்டா மாமாவுக்குத் தலை கெடச்சிடும், உனக்கும் அடி கொறையும்"னானாம். எவன்ணா இவனக் கேட்டான்? நான் கேட்டனா? நெலைய விட்டு வந்தது அவன் தப்பா, என் தப்பா? நல்லது பண்றவன் சொல்லிட்டுப் பண்ணணும்.

இதத்தான் மாதம்மா இன்னிக்கு கூண்டுல சொல்லணும்னு வக்கீல் தலையால தண்ணி குடிக்கறாரு. தம்பி எனக்கோசரம்தான் அங்க போனான்னு அவ ஒரு வார்த்த சொல்லிட்டா இது கொல இல்ல, கைப்பிசகுன்னு ஆயிடுமாம். சொல்லலன்னா, தண்ணித் தொட்டிகிட்ட நான் பேசுன பேச்சுதான் நிக்கும். "அவங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுய்யா"ங்கறாரு. நான் எதுக்கு விழணும்? ஒரே ஒரு தடவ ஆள் விட்டு சொல்லி அனுப்புனேன். 'பன்னி செத்தது என் குண்டுலதான்னு சேத்து சொல்லு'ன்னு. 

அடிச்சதுக்கு வருத்தம் இல்லியான்னு கேக்கறீங்களா? இருக்குதுண்ணா. தீர்த்தகிரிய நான் தூக்கி வளத்தேன். ராத்திரி படுத்தா அந்த நாலு தையல்தான் கண்ணுல நிக்குது. அது வேற. நாயம் வேற.

ஊர்ல யாருக்கும் புரியல, கோர்ட்டுக்கும் புரியல. புரிஞ்சது எம் பொண்ணு ஒருத்திக்குத்தான். கெட்டிக்காரி. அவ இப்ப அம்மாவோட தீர்த்தகிரி வீட்டுல இருக்கா. போன மாசம் யாருக்கும் தெரியாம ஸ்கூல் கேட்டுகிட்ட போயி நின்னேன். ஒம்போது வயசு, நல்லா வளந்துட்டா, மொகம் கும்முனு இருக்குது. கிட்ட வரல, கம்பிக்கு அந்தாண்டயே நின்னுக்கினா. "சாப்டியா கண்ணு?"ன்னேன். தலைய ஆட்டுனா. பை வார நோண்டிக்கினே கேட்டா, "அப்பா, மாமா உடம்புல ஈயம் ஏறலதானப்பா?"

பாத்தீங்களா? இத்தன பெரிய மனுசங்கள்ல ஒருத்தன் கேட்டானா இத? எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. "ஒரு பொட்டு கூட ஏறல கண்ணு. அப்பாவுது செம்பாச்சே. மாமா சுத்தமாத்தான் போனான்"னேன்.

பொசுக்குனு அழுதுட்டா. பைய அங்கயே போட்டுட்டு உள்ள ஓடிட்டா. நல்ல சேதிதான அண்ணா சொன்னேன், அதுக்கு ஏன் அழணும்?